கேள்வி பதில்: விடை வராத தொகையீடுகள்

இந்த முறை வந்த கேள்விகள்ல முக்காவாசி தொகையீடு (வளையிக்குக் கீழ உள்ள பரப்பளவைக் காணுற கணக்கு) பற்றினது, அதுவும் வகுப்பில "இது உங்களுக்குத் தேவையில்லை" எண்டு விட்டுட்டுப் போற தொகையீடுகள். அதால மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதுகளை மட்டும் எடுக்கிறன்.

கேள்வி: ஈ-யின் அடுக்கு கழித்தல் எக்ஸ் வர்க்கத்தை தொகையிட ஏலாது எண்டு எங்கட மெத்ஸ் சேர் சொன்னவர். ஆனா அடுத்த வரியிலயே, கழித்தல் முடிவிலியில இருந்து முடிவிலி வரைக்கும் போட்டா விடை வர்க்கமூலம் பை எண்டு எழுதினவர். ஏலாது எண்டா பிறகு விடை எங்கால வந்தது?
– ஏ.எல். மாணவி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, சேர் சொன்ன ரெண்டுமே சரி, ஏனெண்டா அது ரெண்டும் வேற வேற விசயம். அந்த வளையியை நீங்க கீறிப் பாக்கலாம், மணி மாதிரி நடுவில உயர்ந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு போகும், அதுக்குக் கீழ பரப்பளவு நிச்சயமா இருக்கு, எந்தப் புள்ளி வரைக்கும் கேட்டாலும் இருக்கு. இல்லாதது என்னெண்டா, அந்தப் பரப்பளவை நீங்க படிச்ச சாமான்களை மட்டும் வச்சு, அதாவது அடுக்கு, மூலம், சைன், கோசைன், மடக்கை, ஈ-யின் அடுக்கு இதுகளைக் கூட்டிப் பெருக்கி ஒண்டுக்குள்ள ஒண்டைப் போட்டு, எழுதுற ஒரு சூத்திரம். ஒருத்தரும் இன்னும் கண்டுபிடிக்கேல்லை எண்டில்லை, அப்பிடி ஒண்டு இருக்கவே இருக்காது எண்டு நிறுவியிருக்கு. 1830களில பிரான்சில லியூவில் எண்டவர் இதுக்கான அடிப்படையைப் போட்டவர்.

பிறகு வர்க்கமூலம் பை எப்பிடி வந்தது? முழு நீளத்துக்கும் கேக்கேக்க மட்டும் ஒரு வழி திறக்குது. அந்தத் தொகையீட்டை அதாலயே பெருக்குங்க, ஒண்டுக்கு எக்ஸ், மற்றதுக்கு வை. இப்ப அது பரப்பளவு இல்லை, தளத்துக்கு மேல நிக்கிற ஒரு வட்டமான குன்றின்ர கனவளவு. வட்டமா இருக்கிறதால வளையம் வளையமா வெட்டலாம், ஒவ்வொரு வளையத்தின்ர சுற்றளவும் ரெண்டு பை ஆர், அந்த ஆர் வந்து பெருக்கத்தில சேர்ந்த உடன தொகையீடு சாதாரணப் பிரதியீட்டில முடியும், கனவளவு சரியா பை. அப்ப நாங்கள் தேடினது அதின்ர வர்க்கமூலம், 1.7725. இடையில எங்கயாவது நிப்பாட்டினா வட்டச் சமச்சீர் உடைஞ்சிடும், வழியும் மூடிடும்.

ஆனா எனக்கு இதில முக்கியமாப் படுறது இன்னொண்டு. ஒண்டின் கீழ் எக்ஸைத் தொகையிடச் சொன்னா உடன எல்.என். எக்ஸ் எண்டு எழுதுவீங்க. அடுக்கையும் பின்னத்தையும் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு அதுவும் செய்ய ஏலாத தொகையீடுதான், அடுக்கு விதி கழித்தல் ஒண்டில வந்து உடையுதெல்லோ. அந்தப் பரப்பளவுக்கு ஒரு பேரை வச்சு, அதின்ர குணங்களைப் படிச்சு, அட்டவணை போட்டு, கல்குலேட்டரில ஒரு பட்டனும் குடுத்தாச்சு, அதால இப்ப அது "தெரிஞ்ச" சார்பு. மணி வளையியின்ர பரப்பளவுக்கும் அதையேதான் செய்தது, 1871ல கிளெய்ஷர் எண்ட ஆங்கிலேயர் அதுக்கு வழுச் சார்பு எண்டு பேர் வச்சவர். புள்ளிவிபரவியல்ல செவ்வன் பரம்பல் அட்டவணை பாக்கிற எல்லாரும் பாக்கிறது வேற அளவுகோல்ல எழுதின இதே சார்பைத்தான். சிறப்புச் சார்பு எண்டு புத்தகங்கள்ல வாற எல்லாத்துக்கும் பிறப்பு இப்பிடித்தான்.

கேள்வி: நாலின்ர தொடர்பெருக்கம் 1×2×3×4 எண்ட மாதிரி, அரையின்ர தொடர்பெருக்கம் எண்டு ஒண்டு இருக்கா? என்ர கல்குலேட்டர் எரர் எண்டு காட்டுது.
– மாணவன், மட்டக்குளி

பதில்: இருக்கு தம்பி, 0.8862, அதாவது வர்க்கமூலம் பையின்ர பாதி. 1729, 1730ல ஒய்லர் எண்ட கணிதவியலாளர் இன்னொரு கணிதவியலாளரான கோல்ட்பாக்குக்கு எழுதின கடிதங்கள்ல இது வருது. எக்ஸ் அடுக்கு என்-ஐ ஈ-யின் அடுக்கு கழித்தல் எக்ஸால பெருக்கி பூச்சியத்தில இருந்து முடிவிலி வரைக்கும் தொகையிட்டா என்-இன் தொடர்பெருக்கம் வரும், பகுதிகளாகத் தொகையிட்டுப் பாருங்க, ஒவ்வொரு முறையும் ஒரு என் வெளியில வரும். அந்தத் தொகையீட்டுக்கு என் முழு எண்ணா இருக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை, அரையைப் போட்டாலும் அது தன்ர பாட்டில ஒரு எண்ணைத் தரும். அதுதான் காமா சார்பு. எக்ஸுக்குப் பதிலா டீ வர்க்கம் எண்டு பிரதியிட்டா மேல வெள்ளவத்தைத் தங்கச்சி கேட்ட அதே மணி வளையி வந்து நிக்கும்.

கேள்வி: ஊசல் பரிசோதனையில கோணம் சின்னனா இருக்கவேணும் எண்டு ஒவ்வொரு வருசமும் பிள்ளையளுக்குச் சொல்லுறன். பெரிசா விட்டா எவ்வளவு பிழைக்கும் எண்டு ஒரு பிள்ளை கேட்டது, எண் ஒண்டைச் சொல்ல விருப்பம்.
– விஞ்ஞான ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பதில்: நல்ல பிள்ளை ரீச்சர், அந்தக் கேள்வியை விடாதேங்கோ. உண்மையான அலைவு காலத்தை எழுதினா வர்க்கமூலத்துக்கடியில சைன் வர்க்கம் நிக்கிற ஒரு தொகையீடு வரும், அதுக்கு நீள்வளையத் தொகையீடு எண்டு பேர், நீள்வளையத்தின்ர சுற்றளவைக் கணக்கிடப் போனாலும் அந்தக் குடும்பத்துக்குள்ளதான் போய் விழவேணும். அதுவும் "ஏலாத" வகைதான். ஆனா இதுக்கு கௌஸ் ஒரு வழி கண்டவர், 1799ல, 22 வயசில, அது இவ்வளவு லேசா இருக்கும் எண்டு ஒருத்தரும் எதிர்பாக்க மாட்டினம், சாதாரண கல்குலேட்டர் காணும்.

ஊசலை விடுற கோணத்தின்ர பாதியை எடுத்து அதின்ர கோசைனைப் பாருங்க. 90 பாகையில விட்டா அது 0.7071. இப்ப கையில ரெண்டு எண் இருக்கு, 1, 0.7071. கூட்டலிடை 0.85355, பெருக்கலிடை 0.84090. அந்த ரெண்டுக்கும் திரும்பக் கூட்டலிடை, பெருக்கலிடை: 0.84722, 0.84720. ரெண்டே சுற்றில நாலு தசமதானம் ஒண்டாப் போச்சு. இன்னொருக்கா எடுத்தா 0.84721. ஒண்டை அதால பிரிச்சா 1.1803, அவ்வளவுதான், சின்னக் கோணச் சூத்திரம் தாற காலத்தை இதால பெருக்கினா உண்மையான காலம். அண்ணளவு இல்லை, இன்னும் சுற்றினா எத்தினை தானம் வேணுமோ அத்தினையும் வரும்.

30 பாகைக்கு இதே வேலையைச் செய்தா 1.0174 வரும். ஒரு மீற்றர் ஊசலுக்கு 50 அலைவு எடுத்தா வழமையா 100.3 செக்கன், 30 பாகையில ஆடிக்கொண்டே இருந்தா ஒண்டே முக்கால் செக்கன் கூட எடுக்கும். காலம் வர்க்கமா வாறதால, கணிக்கிற ஈர்ப்பு ஆர்முடுகல் ஜீ-யில அந்தப் பிழை ரெட்டிக்கும், 9.81க்குப் பதிலா 9.48 எண்டு வரும், பிள்ளை தன்ர அளவீட்டைத்தான் குறை சொல்லும், பாவம். 10 பாகைக்கு 1.0019 மட்டும், 50 அலைவுக்கு 0.2 செக்கன் கூட இல்லை, நிறுத்தற்கடிகாரத்தை அமத்திற கையின்ர தாமதமே அந்தளவு வரும். இந்த எண்களைச் சொல்லிப்போட்டுப் பிறகு "சின்னனா விடுங்கோ" எண்டு சொன்னா ஏன் எண்டு பிள்ளைக்கு விளங்கும். வெறுமன விதியாச் சொல்லுறது எனக்கு ஒருக்காலும் பிடிக்கிறதில்லை.

கேள்வி: மகன் மிருதங்கம் பழகிறான். வலந்தலையில (வலப்பக்கத் தோலில) ஒட்டியிருக்கிற கறுப்பு என்னத்துக்கு எண்டு கேட்டான், குருவிட்டக் கேட்டா அது இல்லாட்டி சுருதி நிக்காது எண்டார். சி.வி.ராமன் இதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர் எண்டு எங்கயோ வாசிச்ச ஞாபகம், உண்மையோ?
– ஒரு தாய், பம்பலப்பிட்டி

பதில்: உண்மைதான் அக்கா, குரு சொன்னதும் அச்சொட்டாச் சரி. எனக்கு இந்தப் பாடம் முழுக்கவே விருப்பம், அதிலயும் ஆகப் பிடிச்ச இடம் இது.

முதல்ல தந்தியை எடுங்கோ. வீணைத் தந்தி அதிரேக்க அடிப்படைச் சுரத்தோட ரெண்டு மடங்கு, மூண்டு மடங்கு, நாலு மடங்கு எண்டு முழு எண் மடங்குகள் சேர்ந்து கேக்கும், ஏனெண்டா தந்தியின்ர வடிவம் சைன், சைன் பூச்சியமாகிற இடங்கள் சம இடைவெளியில வரும். வட்டமான தோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1764ல ஒய்லர் வட்டத் தோலின்ர சமன்பாட்டைப் போட்டவர், அங்க சைன் வராது, இப்ப நாங்கள் பெசல் சார்பு எண்டு சொல்லுறது வந்தது. பெசல் ஒரு வானியலாளர், அவர் கோள்களின்ர பாதையைக் கணக்கிடேக்க 1824ல இதே சார்புகளை ஒரு தொகையீடா, கோசைனுக்குள்ள ஒரு சைனைப் போட்டு, எழுதி முறையாப் படிச்சபடியால் அவற்ற பேர் நிலைச்சிட்டுது. கோளுக்கும் மேளத்துக்கும் ஒரே சார்பு.

பெசல் சார்பின்ர வளையி சைன் மாதிரித்தான் ஏறி இறங்கும், ஆனா பூச்சியங்கள் 2.405, 5.520, 8.654 எண்டு வரும், ஒண்டும் முழு மடங்கில்லை. மற்றப் பெசல் சார்புகளின்ர பூச்சியங்களையும் சேர்த்துப் பாத்தா, வெறும் வட்டத் தோலின்ர அதிர்வுகள் அடிப்படையைப் போல 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 மடங்கு. அதாலதான் வெறும் தோலில அடிச்சா "டொம்" எண்டு சத்தம் மட்டும் கேக்கும், சுருதி எண்டு ஒண்டு பிடிபடாது.

இப்ப அந்தக் கறுப்பு, கரணை எண்டும் சொல்லுவினம். ராமன் 1920ல ஒரு சின்னக் கட்டுரையும் 1934ல விரிவான ஒண்டும் எழுதினவர். நடுவில பாரம் ஏத்தின உடன அந்தப் பொருந்தாத மடங்குகள் இடம் மாறி 2, 3, 4, 5 எண்டு முழு எண்களுக்குக் கிட்டப் போய் நிக்குது. 2.14உம் 2.30உம் ரெண்டும் மூண்டில சேரும், 2.65உம் 2.92உம் நாலில சேரும், அப்பிடியே ஒன்பது வகை அதிர்வு அஞ்சு சுரத்துக்குள்ள அடங்கிடும். தோல் தந்தி மாதிரிப் பாடத் தொடங்குது. 1954ல ராமகிருஷ்ணாவும் சோந்தியும் இதைக் கணக்காவே போட்டுக் காட்டினவை: பாரமான உள்வட்டத்துக்கு ஒரு பெசல் சார்பு, பாரமில்லாத வெளிவளையத்துக்கு ரெண்டு வகைப் பெசல் சேர்ந்த ஒண்டு, எல்லையில உயரமும் சரிவும் பொருந்தவேணும். ராமனுக்கும் முன்னம், எந்தச் சமன்பாடும் இல்லாமல், கையும் காதும் மட்டும் வச்சு அந்தப் பாரத்தைப் படை படையாப் பூசிப் பூசிச் சரி பாத்த கைவினைஞர்களுக்கு நான் பெரிய மரியாதை வச்சிருக்கிறன்.

மகனுக்கு ஒரு பரிசோதனை சொல்லுங்கோ. நட்ட நடுவில அடிக்கிறதுக்கும் ஓரத்தில அடிக்கிறதுக்கும் சத்தம் வேற எல்லோ, வட்டமாச் சமச்சீரான பெசல் அதிர்வுகள் மட்டும்தான் நடு அடிக்கு எழும்பும், மற்றதுகளுக்கு நடு அசையாத புள்ளி. ஒரு அடியில எந்த அதிர்வு எவ்வளவு இருக்கு எண்டு பிரிச்சு எடுக்கிறதும் தொகையீட்டாலதான், ரெண்டு வேற வேற அதிர்வை ஆரையோட சேர்த்துப் பெருக்கித் தோல் முழுக்கத் தொகையிட்டா பூச்சியம் வரும், அதால ஒவ்வொண்டையும் தனித்தனியா வடிச்சு எடுக்கலாம்.

கேள்வி: கரும்பொருட் கதிர்ப்பில எக்ஸ் கனத்தை, ஈ-யின் அடுக்கு எக்ஸ் கழித்தல் ஒண்டால பிரிச்சு, பூச்சியத்தில இருந்து முடிவிலிக்குத் தொகையிட்டா பை அடுக்கு நாலின் கீழ் 15. லெக்சரர் "இது தெரிஞ்ச முடிவு" எண்டு எழுதிட்டுப் போய்ட்டார். வட்டமே இல்லாத இடத்தில பை எப்பிடி வந்தது?
– கம்பஸ் முதலாம் வருசம், கொழும்பு 7

பதில்: மூண்டு வரி வேலை. கீழ நிக்கிறதைப் பெருக்கல் தொடரா விரிச்சா ஈ-யின் அடுக்கு கழித்தல் எக்ஸ், கழித்தல் ரெண்டு எக்ஸ், கழித்தல் மூண்டு எக்ஸ் எண்டு நீண்டு போகும். ஒவ்வொண்டையும் எக்ஸ் கனத்தோட தொகையிட்டா அது மட்டக்குளித் தம்பிக்குச் சொன்ன காமா சார்பு, விடை ஆறின் கீழ் என் அடுக்கு நாலு. எல்லாத்தையும் கூட்டினா ஆறு தரம், நாலாம் அடுக்குகளின்ர தலைகீழ்களின்ர கூட்டுத்தொகை, அதாவது நாலில சீட்டா சார்பு. அது பை அடுக்கு நாலின் கீழ் 90 எண்டு 18ஆம் நூற்றாண்டிலயே ஒய்லர் கண்டவர், ஆறால பெருக்கினா உங்கட 15, எண்ணாச் சொன்னா 6.494. ஒய்லர் அதை எடுத்தது சைனின்ர பூச்சியங்கள் பையின்ர மடங்குகளா இருக்கிறதில இருந்து, வட்டம் அங்கதான் ஒளிச்சிருக்கு.

1879ல ஸ்டெபான் அளவீடுகளைப் பாத்து, சூடான பொருள் விடுற கதிர்ப்பு வெப்பநிலையின்ர நாலாம் அடுக்குக்கு விகிதசமம் எண்டு சொன்னவர், ஆனா அந்த விகிதத்தின்ர மாறிலி ஏன் அந்த எண் எண்டு பிளாங் 1900ல கதிர்ப்பு விதியை எழுதின பிறகுதான் விளங்கினது. ஸ்டெபான் மாறிலியின்ர சூத்திரத்தில கீழ நிக்கிற 15 இந்தத் தொகையீட்டில இருந்து வந்த 15தான். 2019ல சர்வதேச அளவீட்டு அலகுகளை மாத்தின பிறகு அதில வாற மற்ற மாறிலிகள் எல்லாத்துக்கும் பெறுமானம் நிச்சயிச்சாச்சு, அதால அந்த மாறிலியிலயும் இப்ப அளவீட்டு வழு இல்லை.

கேள்வி: இலங்கைக்குத் தெற்கால கடல்ல நூறு மீற்றர் பள்ளம் இருக்கு எண்டு வாட்ஸ்அப்பில வந்தது. கப்பல் விழாதோ?
– ஓய்வுபெற்றவர், தெஹிவளை

பதில்: விழாது ஐயா, ஆனா தகவல் பொய்யில்லை. பூமியை ஒரு வழுவழுப்பான நீள்கோளமா எடுத்துப் பாத்தா, எங்களுக்கும் இந்தியாவுக்கும் தெற்கால கடல்மட்டம் அந்தக் கோளத்தை விட ஏறத்தாழ 106 மீற்றர் கீழ நிக்குது, உலகத்திலயே ஆகத் தாழ்வான இடம். ஈர்ப்பு அங்க கொஞ்சம் குறைவு, அதால தண்ணி மற்றப் பக்கங்களுக்கு இழுபட்டிருக்கு. ஆனா "கீழ" எண்டு தூக்குக்குண்டு காட்டுற திசைக்கு அந்த மேற்பரப்பு எல்லா இடத்திலயும் செங்குத்துத்தான், கப்பலுக்கு ஒரு சரிவும் தெரியாது. கொழும்பிலயும் இந்த வித்தியாசம் 90 மீற்றருக்கு மேல. திருத்தம் செய்யாத ஜீ.பி.எஸ். கருவியோட காலிமுகத்திடல்ல நிண்டா கடலுக்கடியில நிக்கிறியள் எண்டு காட்டும்.

இதைக் கணக்கில பிடிக்கிறதும் சிறப்புச் சார்புதான். 1780களில லெஜாந்தரும் லாப்லாசும் கோளங்களின்ர ஈர்ப்பைக் கணக்கிடக் கொண்டுவந்த பல்லுறுப்பிகள், ரெண்டு வேற வேறானதைப் பெருக்கித் தொகையிட்டா பூச்சியம், மேளத்துக்குச் சொன்ன அதே குணம். முதலாவது பெரிய உறுப்பு பூமி துருவத்தில தட்டையா இருக்கிறதைச் சொல்லும், மேல போகப் போக மலை, பள்ளம், அடர்த்தி வித்தியாசம். 2008ல வந்த உலக ஈர்ப்பு மாதிரி 2159ஆம் படி வரைக்கும் போகுது, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குணகங்கள்.

கேள்வி: எல்லாத் தொகையீட்டையும் இப்ப கொம்பியூட்டர் செய்யுது. நாங்கள் ஏன் மினக்கெடவேணும்?
– பேர் போடவேண்டாம், மருதானை

பதில்: கொம்பியூட்டரைப் பாவியுங்க, நானும் பாவிக்கிறனான். ஆனா எண்ணை மட்டும் பாத்து நம்பினா என்ன நடக்கும் எண்டதுக்கு 2001ல போர்வைன் சகோதரர்கள் வெளியிட்ட ஒண்டைச் சொல்லுறன். சைன் எக்ஸை எக்ஸால பிரிச்சு பூச்சியத்தில இருந்து முடிவிலிக்குத் தொகையிட்டா பையின்ர பாதி. அதோட எக்ஸின் கீழ் மூண்டுக்கு அதே மாதிரி ஒண்டைப் பெருக்குங்க, திரும்பவும் பையின்ர பாதி. அஞ்சு, ஏழு, ஒன்பது, பதினொண்டு, பதின்மூண்டு, எல்லாத்துக்கும் பையின்ர பாதி. இனி எப்பவும் இப்பிடித்தான் எண்டு ஆருக்கும் தோணும். பதினைஞ்சைச் சேர்த்த உடன விடை குறையும், எவ்வளவு எண்டா பதினோராம் தசமதானத்தில ஒரு ரெண்டு. பத்துத் தானம் மட்டும் பாக்கிற ஆள் அதைக் காணவே மாட்டார்.

காரணம் மறுபக்கத்தால பாத்தாத்தான் தெரியும். ஃபூரியே மாற்றத்தில, அதாவது ஒரு சார்பை அதில அடங்கின அலைகளாப் பிரிச்சுப் பாக்கேக்க, முதலாவது சைன் ஒரு தட்டையான மேடு, நடுவில இருந்து அந்தலை வரைக்கும் நீளம் ஒண்டு. பிறகு சேர்க்கிற ஒவ்வொண்டும், கடல் மண்மேட்டை ரெண்டு பக்கத்தாலயும் அரிக்கிற மாதிரி, மூண்டில ஒண்டு, அஞ்சில ஒண்டு எண்டு அரிச்சுக்கொண்டு வரும். விடை நடுப்புள்ளியின்ர உயரம் மட்டும்தான். பதின்மூண்டு வரைக்கும் கூட்டினா 0.955, நடுவுக்கு இன்னும் வரேல்லை. பதினைஞ்சோட 1.022, நடுவும் அரிபடத் தொடங்கிட்டுது. எட்டாவது படியில உடையும் எண்டு முன்கூட்டியே சொல்ல இந்த விளக்கம் வேணும், தசமதானங்களை எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தாலும் அது வராது.

கேள்வி: இந்தத் துறையில எங்கட ஆக்கள் ஆராவது இருக்கினமா? எங்க இருந்து படிக்கத் தொடங்கலாம்?
– மாணவி, கொழும்பு 13

பதில்: ராமானுஜனை எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் 1913ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் குடுத்த காலாண்டு அறிக்கையில தொகையீடு பற்றித்தான் எழுதினவர் எண்டது கனபேருக்குத் தெரியாது. ஒரு சார்பின்ர தொடர் விரிவு தெரிஞ்சா அதின்ர ஒரு வகைத் தொகையீட்டை காமா சார்பால நேர எழுதிவிடலாம் எண்டது அவற்ற தேற்றம். எங்கட நாட்டில சி.ஜே.எலியேசர் (1918–2001), கேம்பிரிட்ஜில டிராக் எண்ட பௌதிகவியலாளரிட்டப் படிச்சவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தில கணிதப் பேராசிரியரா இருந்தவர், பிறகு மலாயா, அதுக்குப் பிறகு அவுஸ்திரேலியா. இலத்திரன் தானே வெளிவிடுற கதிர்ப்பால எப்பிடித் திருப்பித் தாக்கப்படுது எண்டு ஆராய்ஞ்சவர்.

தொடங்கிறதுக்கு அமெரிக்காவின்ர நிஸ்ட் நிறுவனம் 2010ல இருந்து கணிதச் சார்புகளுக்கு ஒரு எண்ணிம நூலகத்தை இணையத்தில இலவசமா வச்சிருக்குது. அதில முதல் காமா அத்தியாயம், பிறகு பெசல். ஒரு நாளைக்கு ஒரு சூத்திரத்தை எடுத்துக் கையால நிறுவிப் பாருங்க. நிறுவல் வராட்டி எனக்கு எழுதுங்க, எங்க நிண்டது எண்டு காட்டி எழுதுங்க, அப்பதான் பதில் சொல்ல லேசு.